2013இல குடிபோதைக் கேஸ். கனடா வேலைப் படிவத்தில "இல்லை" எண்டு போடலாமா?

களுவாஞ்சிகுடியாள்:
வணக்கம், என்ட வீட்டுக்காரருக்காகக் கேக்கிறன். கல்முனைப் பக்கம் லொறி ஓடுறவர். கனடாவில இருக்கிற சொந்தக்காரர் மூலமா ஒரு கொம்பனி டிரைவர் வேலைக்கு எடுக்கச் சம்மதிச்சிருக்கு. விசாப் படிவத்தில, எந்த நாட்டிலயாவது குற்றம் செஞ்சு பிடிபட்டோ தண்டனை பெற்றோ இருக்கிறீங்களா எண்டு ஒரு கேள்வி கிடக்கு.

2013 கார்த்திகையில கலியாண வீட்டால வரக்குள்ள பொலிஸ் மறிச்சு பலூன் ஊத வெச்சது. கோட்டில ஒத்துக்கிட்டு தண்டம் கட்டினவர். லைசன்ஸும் 6 மாசம் தடை. அதுக்குப் பிறகு ஒரு கேஸும் இல்ல. முகவர் சொல்றார், "தண்டம் கட்டினதோட அது முடிஞ்சுது, பொலிஸ் சேட்டிபிகேட்டிலயும் வராது, இல்லை எண்டு போடுங்க" எண்டு. எனக்கு மனம் ஒப்புதில்ல. என்ன செய்யலாம்?

ஆரையம்பதி பொடியன்:
அக்கா, 5 வருசம் தாண்டினா சொல்லத் தேவையில்ல. லண்டனில என்ட மாமாக்கு அப்படித்தான்.

லண்டன் மட்டக்களப்பான்:
தம்பி, அது இங்கத்த சட்டம். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி குறிப்பிட்ட காலம் போனா பழைய தண்டனையைச் சாதாரண வேலைக்குச் சொல்லத் தேவையில்ல. குடிபோதைக்கு லைசன்ஸில விழுற குறிப்புக்கு அந்தக் காலம் 5 வருசம். குறிப்பு லைசன்ஸில 11 வருசம் கிடக்கும், அது வேற கதை. இதைக் கனடாவுக்குக் கொண்டுபோய்ப் பொருத்த ஏலாது.

மருதமுனை நானா:
தங்கச்சி, அந்த முகவர்ர பேச்சைக் கேக்காதீங்க. தபாற்கந்தோரில கட்டுற தண்டம் வேற, கோட்டில கட்டுற தண்டம் வேற. குடிச்சிட்டு ஓடினதுக்கு இங்க ஸ்பொட் ஃபைன் இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 151ஆம் பிரிவில கேஸ் போட்டு நீதவானுக்கு முன்னால நிறுத்துவாங்க. ஒத்துக்கிட்டுத் தண்டம் கட்டினா அது குற்றத் தீர்ப்புத்தான்.

கிராம சேவகர்ர நற்சான்றிதழைக் காட்டிச் சமாளிக்கலாம் எண்டும் சில பேர் சொல்லுவாங்க. அது விசாவுக்கு உதவ மாட்டா.

டொரன்டோ வாவிக்கரை:
நானா சொன்னது சரி. மிச்சத்தை நான் சொல்றன், கொஞ்சம் நீளம்.

கனடா அதிகாரி பார்க்கிறது, அங்க செஞ்சது இங்கயும் குற்றமா எண்டு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில 80 மில்லிகிராம் எண்ட அளவு இலங்கையிலயும் இங்கயும் ஒண்டுதான், அதனால பொருந்தும். நல்ல காலம், உங்கட கேஸ் 2013. 2018 டிசம்பர் 18ஆம் திகதி இங்க சட்டத்தை இறுக்கினாங்க. அதிகபட்சத் தண்டனை 5 வருசத்தில இருந்து 10 ஆயிட்டு. அதுக்குப் பிறகு செஞ்சா கடும் குற்றக் கணக்கு. அதுக்கு முதல் செஞ்ச ஒரேயொரு குற்றம், ஆருக்கும் காயமில்ல எண்டா, தண்டனை முழுசா முடிஞ்சு 10 வருசத்தில "திருந்தினவர்" எண்டு எடுத்துக்கொள்ள வழி இருக்கு. அந்த 10 வருசத்தைத் தண்டம் கட்டின நாளில இருந்து எண்ணாதீங்க, லைசன்ஸ் தடை முடிஞ்ச நாளில இருந்து எண்ணுங்க. அப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு 2024லயே தாண்டியிருக்கும். முடிவு அதிகாரிர கையில, ஆனா "ஓம்" எண்டு எழுதினதால மட்டும் கதவு மூடாது.

"இல்லை" எண்டு போட்டுப் பிடிபட்டா, பொய்த் தகவலுக்கு 5 வருசத் தடை. பழைய கேஸால வராத தடையை முகவர் புதுசா வாங்கித் தரப்போறார்!

கேஸ் நடந்த கோட்டில இலக்கத்தைக் குடுத்து, வழக்குப் பதிவின்ர உறுதிப்படுத்திய பிரதி எடுங்க. இலக்கம் தெரியாட்டி, ஒரு சட்டத்தரணி மூலம் திகதி, பெயரை வெச்சுத் தேடலாம். தமிழில இருக்கும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து ஆங்கிலமாக்குங்க. தண்டம் கட்டின பற்றுச்சீட்டு, லைசன்ஸ் திருப்பித் தந்ததுக்கு ஆதாரம் இருந்தா அதையும் வையுங்க. கூட ஒரு பக்கக் கடிதம்: எப்ப, என்ன, எப்ப முடிஞ்சுது. அழுது புலம்பத் தேவையில்ல.

களுவாஞ்சிகுடியாள்:
பெரிய உதவி அண்ணா. ரெண்டு சந்தேகம். 2017இல ஹெல்மெட் இல்லாம போய் தபாற்கந்தோரில தண்டம் கட்டினவர், அதையும் எழுதணுமா? கொம்பனிக்காரனுக்கும் கேஸைச் சொல்லணுமா?

டொரன்டோ வாவிக்கரை:
ஹெல்மெட் தண்டத்தை அந்தக் கேள்விக்கு எழுதத் தேவையில்ல, அது குற்றவியல் கணக்கில வராது.

கொம்பனி கேக்கிற கேள்வியை வாசிச்சுப் பாருங்க. "கடந்த 5 வருசத்தில" எண்டா இல்லை எண்டது உண்மையான பதில். "எப்பவாவது" எண்டா ஓம். இங்கத்த பொலிஸ் சோதனையில கனடாப் பதிவுதான் வரும், அதனால கொம்பனி இலங்கைச் சேட்டிபிகேட்டையும் கேக்கலாம். விசாவுக்கு ஒண்டு, கொம்பனிக்கு வேறொண்டு எண்டு மட்டும் போயிராதீங்க.

இன்னொண்டு. காசு வாங்கிக் கனடா விசா ஆலோசனை சொல்றவர் கனடா வழக்கறிஞராவோ, அங்க பதிவு பெற்ற ஆலோசகராவோ இருக்கணும். முகவரிட்ட பதிவு இலக்கம் கேளுங்க. படிவத்தை அவர் அனுப்ப முதல் நீங்களே ஒரு தரம் திறந்து பாருங்க. ஏற்கெனவே "இல்லை" எண்டு அனுப்பிட்டார் எண்டா, கனடா குடிவரவுத் திணைக்களத்தின்ர இணையப் படிவத்தால உடன திருத்தம் எழுதி அனுப்பலாம்.

களுவாஞ்சிகுடியாள்:
இப்பதான் பார்த்தன். இன்னும் அனுப்பல்ல, ஆனா "இல்லை" எண்டு போட்டு வெச்சிரிக்கார். மாத்தச் சொல்லிட்டன். திங்கள் கோட்டுக்குப் போறம்.