ஹெபடைடிஸ் பி மூன்றாவது டோஸ் 14 மாதம் தாமதம். குளிர்பெட்டி மைனஸில் போயிருக்கிறது. எதைப் போடலாம்?

கேள்வி:
வணக்கம். மருந்தகத்தில் தடுப்பூசி போடும் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள். 34 வயதுக்காரர். ஹெபடைடிஸ் பி முதல் இரண்டு டோஸும் ஒரு மாத இடைவெளியில் போட்டிருக்கிறார். மூன்றாவது விட்டுப்போய் 14 மாதமாகிறது. எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) வேறிடத்தில் போட்டு இன்றோடு 20 நாள். இப்போது ஹெபடைடிஸ் பி மூன்றாவதையும் சின்னம்மை தடுப்பூசியையும் சேர்த்துப் போடச் சொல்கிறார். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
இன்னொன்று: நேற்றிரவு தடுப்பூசிக் குளிர்பெட்டியின் டேட்டா லாகரில் (வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவி) இரண்டு மணி நேரம் மைனஸ் 1.5 டிகிரி பதிவாகியிருக்கிறது. குப்பிகளில் பனி எதுவும் தெரியவில்லை. பார்க்க நன்றாக இருந்தால் பயன்படுத்தலாமா?

பதில் 1:
மறுபடி தொடங்க வேண்டாம். ஹெபடைடிஸ் பி-யில் எவ்வளவு தாமதமானாலும் முன்பு போட்ட டோஸ் கணக்கில் நிற்கும். குறைந்தபட்ச இடைவெளிக்கு முன்னால் போட்டதுதான் செல்லாது. மூன்றாவதுக்கு இரண்டு கணக்கும் பொருந்த வேண்டும்: இரண்டாவதிலிருந்து 8 வாரம், முதலாவதிலிருந்து 16 வாரம். இவருக்கு இரண்டும் எப்போதோ கடந்துவிட்டன.

சின்னம்மை இன்று வேண்டாம். அதுவும் எம்.எம்.ஆரும் உயிருள்ள தடுப்பூசிகள், அதாவது பலவீனமாக்கிய உயிர்க்கிருமி உள்ளவை. ஊசியாகப் போடும் உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டை ஒரே நாளில் போடலாம். அந்த நாள் தவறினால் 28 நாள் காத்திருக்க வேண்டும். ஒரே தடுப்பூசியின் டோஸ்களுக்குச் சொல்லும் 4 நாள் சலுகையை இங்கே கொண்டுவராதீர்கள்; இரு வேறு உயிருள்ள தடுப்பூசிகளுக்கு நடுவே அது கிடையாது. 20ஆம் நாளில் போட்டுவிட்டால் அந்தச் சின்னம்மை டோஸ் கணக்கில் வராது, அதிலிருந்து மேலும் 28 நாள் கழித்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும். ஹெபடைடிஸ் பி உயிரற்றது, எம்.எம்.ஆருக்கும் அதற்கும் இடைவெளி தேவையில்லை.

நாள் எண்ணுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். போட்ட நாள் பூஜ்ஜியம். செவ்வாயன்று போட்டிருந்தால் அதற்கடுத்த நான்காவது செவ்வாய்தான் 28ஆம் நாள். இவருக்கு எம்.எம்.ஆர். இரண்டாவது டோஸும் தேவைப்பட்டால் அதே நாளில் சின்னம்மையோடு சேர்த்துப் போடலாம். பெரியவர்களுக்குச் சின்னம்மையும் இரண்டு டோஸ், நடுவே குறைந்தது 4 வாரம் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
அட்டவணைப்படி ஹெபடைடிஸ் பி இன்று போடலாம்தான், ஆனால் அந்தக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி), டிடி (டெட்டனஸ், டிப்தீரியா), நிமோகாக்கல் கான்ஜுகேட் (நிமோனியா தடுப்பூசி) எல்லாவற்றிலும் அலுமினிய உப்பு இருக்கிறது. உறைந்தால் அந்தத் துகள்கள் கட்டியாகி, உருகிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. கண்ணுக்கு வெறும் வெண்கலங்கலாகத்தான் தெரியும், அதனால் பார்த்து முடிவெடுக்க வழியில்லை.

எல்லாவற்றையும் பையில் கட்டி 'பயன்படுத்தாதே' என்று எழுதி, 2 முதல் 8 டிகிரி உள்ள வேறு குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். லாகர் பதிவோடு தயாரிப்பாளரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை வீசவும் வேண்டாம், போடவும் வேண்டாம். எம்.எம்.ஆர். பொடி உறைவதைத் தாங்கும். அதைக் கரைக்கும் திரவம் உறையக் கூடாது.

குப்பி உறைந்ததா என்று பார்க்கும் குலுக்கல் சோதனை செய்வதானால் சரியாகச் செய்யுங்கள். அதே நிறுவனம், அதே தொகுதி எண் உள்ள ஒரு குப்பியை வேண்டுமென்றே கெட்டியாக உறையவைத்து, உருகவிடுங்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒன்றாகக் குலுக்கி, மேசையில் அருகருகே நிறுத்தி 30 நிமிடம் வரை பாருங்கள். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்திலோ இன்னும் வேகமாகவோ இறங்கினால் கழித்துவிடுங்கள். ஒப்பிட உறைந்த குப்பி இல்லாமல் செய்வது சோதனையே அல்ல.

உறைவது பெரும்பாலும் குளிர்காற்று வரும் துவாரத்தின் அருகேதான். அங்கே தண்ணீர் பாட்டில் வையுங்கள், தடுப்பூசி வைக்க வேண்டாம். கதவுத் தட்டும் வேண்டாம்.

பதில் 3:
உயிருள்ள தடுப்பூசிக்கு முன் அவருடைய மருந்துப் பட்டியலைப் பாருங்கள். ப்ரெட்னிசோலோன் (நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டு) தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ 14 நாளோ அதற்கு மேலோ எடுத்திருந்தால், நிறுத்தி ஒரு மாதமாவது ஆகட்டும். சமீபத்தில் இரத்தமோ இம்யூனோகுளோபுலினோ (நோய் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்களா என்றும் கேளுங்கள். பெண்களிடம் கர்ப்பம் பற்றியும். இந்த விவரத்தை மருந்தாளுநர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

ஹெபடைடிஸ் பி டெல்டாய்டு தசையில் (மேல்கைத் தோள் தசை) மட்டும். பெரியவர்களுக்குப் பிட்டத்தில் போட்டால் அந்த டோஸை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. தோள் எலும்பின் நுனியைத் தொட்டுப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று விரல் கீழே, 90 டிகிரியில் செலுத்துங்கள். சட்டைக் கழுத்தை இழுத்து இறக்கிப் போடும்போது ஊசி மேலே போய்விடும். மூட்டுப் பையில் இறங்கி மாதக்கணக்கில் தோள்வலி தரும். கையை முழுதாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் உட்கார்ந்தே போடுங்கள். ஒரே கையில் இரண்டு போட நேர்ந்தால் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. குப்பிகளைத் தனியே வைத்துவிட்டேன். அவர் வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) எடுக்கிறார், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பதில் 3:
23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசி எடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு 15 நிமிடம் உட்காரவைத்துக் கவனியுங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்: 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் உள்ளது, தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். தொகுதி எண், எந்தக் கை, சின்னம்மைக்கு வர வேண்டிய தேதி மூன்றையும் அவர் அட்டையில் எழுதிக் கொடுங்கள்.