ஹைப்பர்-வி டொமைன் கன்ட்ரோலரில் நேரம் முந்துகிறது: எந்த வழி சரி?

ஒரே ஹோஸ்ட் (ஹைப்பர்-வி மூலம் விஎம், அதாவது மெய்நிகர் கணினி, ஓட்டும் நிஜ சர்வர்), விண்டோஸ் சர்வர் 2019. அதன்மேல் விஎம்-ஆக பிடிசி எமுலேட்டர், அதாவது டொமைனுக்கே நேரம் சொல்லும் டொமைன் கன்ட்ரோலர் (டிசி, லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்). ஹோஸ்டும் அதே டொமைனில்தான் சேர்ந்திருக்கிறது. டிசியின் கடிகாரம் இப்போது 7 நிமிடம் முந்தி ஓடுகிறது.

பிசிக்கள் எல்லாம் அதே தப்பான நேரத்தைப் பின்பற்றுவதால் லாகின் ஆகின்றன. அதனால்தான் இவ்வளவு நாள் யாரும் கவனிக்கவில்லை. இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) மட்டும் உள்ளே விட மறுக்கிறது. லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை பொறுத்துக்கொள்வது 5 நிமிட வித்தியாசம்தானே.

விண்டோஸ் நேரச் சேவையின் டபிள்யூ32டிஎம் கட்டளையில் குவெரி சோர்ஸ் (நேரம் எங்கிருந்து வருகிறது) கேட்டால் "விஎம் ஐசி டைம் சிங்க்ரனைசேஷன் ப்ரொவைடர்" என்று வருகிறது. அதாவது டிசி ஹோஸ்டிடம் கேட்கிறது, ஹோஸ்ட் டிசியிடம் கேட்கிறது. ஒருவர் வாலை ஒருவர் பிடித்துச் சுற்றும் கதை.

மேனுவல் பியர் லிஸ்ட்டில் வெளி என்டிபி சர்வர் (இன்டர்நெட் நேர சர்வர்) கொடுத்து, ரிலையபிள் என்பதற்கு "யெஸ்" போட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாயிற்று. என்டிபிக்கான போர்ட் யூடிபி 123 திறந்துதான் இருக்கிறது. டபிள்யூ32டிஎம்-இன் ஸ்ட்ரிப்சார்ட் சோதனையில் அந்த சர்வரின் பதில் வருகிறது. ஆனாலும் சோர்ஸ் மாறவில்லை.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, விஎம் செட்டிங்கில் இன்டெக்ரேஷன் சர்வீசஸுக்குள் டைம் சிங்க் (ஹோஸ்டின் நேரத்தை விஎம்முக்குக் கொடுப்பது) டிக்கை எடுப்பது. ஆனால் சேவ்டு ஸ்டேட்டிலிருந்து (இடையில் நிறுத்திச் சேமித்த நிலை) விஎம் எழும்போது பழைய நேரத்தோடு எழுமோ என்று தயக்கம். இரண்டு, கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் விண்டோஸ்) ரெஜிஸ்ட்ரியில் டபிள்யூ32டைம், டைம் ப்ரொவைடர்ஸ், விஎம்ஐசி டைம் ப்ரொவைடர் கீழே எனேபிள்டை 0 ஆக்குவது. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்? 7 நிமிடத்தையும் ஒரே தாவலில் பின்னுக்கு இழுத்தால், வேலை நேரத்தில் பிசிக்களில் டிக்கெட் (கெர்பரோஸ் தரும் அனுமதிச் சீட்டு) பிரச்சினை வருமா? வரும் என்றால் ஞாயிறு இரவு வைத்துக்கொள்கிறேன்.