கிகாலிக்குக் குடிவருகிறவர்களுக்கு: பெண்கள் பெரும்பான்மை என்றால் நடைமுறையில் என்ன?

கேள்வி: மனைவியோடு ருவாண்டாவுக்கு வேலைக்கு வருகிறேன். நாடாளுமன்றத்தில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகமாமே? அன்றாடத்தில் அது தெரியுமா?

பதில் 1: உண்மைதான். கீழவையின் 80 இடங்களில் 2024 தேர்தலில் 51 பெண்கள் வந்தார்கள். உலகிலேயே முதன்முதலில் பெண்கள் பாதியைத் தாண்டியதும் இங்கேதான், 2008ல்.

நம்ம ஊர் மகளிர் வார்டு மாதிரி என்று நினைக்க வேண்டாம். அங்கே எல்லோரும் ஓட்டுப் போடுவோம். இங்கே மகளிருக்கான 24 இடங்கள் தனி: கிழக்கு, மேற்கு, தெற்கு மாகாணங்களுக்கு ஆறாறு, வடக்குக்கு 4, கிகாலிக்கு 2. பொதுமக்களுக்கு அதில் ஓட்டு கிடையாது. மகளிர் மன்ற நிர்வாகிகளும் உள்ளாட்சி உறுப்பினர்களுமே தேர்ந்தெடுக்கிறார்கள். 53 இடங்களுக்குப் பொது ஓட்டு, அதுவும் ஆளுக்கு இல்லை, கட்சிகள் தரும் வேட்பாளர் பட்டியலுக்கு. பட்டியலில் பெண்ணுக்கு எத்தனையாவது வரிசை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2003 அரசியலமைப்பு கேட்டது குறைந்தது 30 சதவீதம். அதைத் தாண்டிய மிச்சம் பெரும்பாலும் இந்தப் பட்டியல்களால் வந்தது. அந்த அவைக்கு அரசைத் தட்டிக்கேட்கும் பலம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பதில் 2: அன்றாடத்தில் நன்றாகவே தெரியும். உமுரெங்கே (வட்டார) அலுவலகத்திலோ, மாதக் கடைசிச் சனிக்கிழமை உமுகாண்டா (ஊரார் சேர்ந்து செய்யும் பொதுப்பணி) முடிந்து நடக்கும் கூட்டத்திலோ பெண் பொறுப்பாளர் இருந்தால் முடிவு அவருடையதுதான். தலைவியின் கணவரைத் தேடிப்போய்ப் பேசும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பக்கத்தில் நிற்கும் ஆணைப் பார்த்துப் பேசினால் காரியம் கெடும், மரியாதையும் போகும்.

வீடு, நிலம் விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 1999 வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு தந்தது. பிறகு வந்த நிலப்பதிவில் சொத்தைப் பொதுவாக வைத்திருக்கும் தம்பதியரின் இரண்டு பெயரும் பத்திரத்தில் ஏறின. பதிவான எல்லோரும் சம்மதிக்காமல் கைமாற்ற முடியாது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் யுபிஐ எண்ணை (நம்ம ஊர்ப் பணப்பரிமாற்றம் இல்லை, நிலத்தின் அடையாள எண்) வாங்கி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மனைவி பெயரும் இருந்தால் அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். கணவர் மட்டும் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் பின்னால் தகராறில்தான் முடியும்.

உங்கள் மனைவி வேலைக்குப் போனால் மகப்பேறு விடுப்பு 14 வாரம், 2023 திருத்தத்தின்படி. சம்பளச் சீட்டில் இதற்கென 0.3 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளியும் அதே அளவு கட்டவேண்டும். சீட்டில் அந்தப் பிடித்தம் இல்லாவிட்டால் உடனே கேளுங்கள். பிரசவ நேரத்தில் கேட்டுப் பயனில்லை.

பதில் 1: ஒன்று சேர்க்கிறேன். சட்டம் போன தூரத்துக்கு வீடுகள் போய்விடவில்லை, குடும்ப வன்முறை இங்கேயும் இருக்கிறது. அதற்கான போலீஸ் எண் 3512. மருத்துவம், போலீஸ், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் இசாங்கே மையங்கள் மாவட்ட மருத்துவமனைகளில் உண்டு, கட்டணம் இல்லை. கணவர் வேலையை நம்பி வருகிற பெண்கள் அந்த எண்ணைத் தங்கள் போனிலேயே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.