முப்பது வயசுக்கு மேல் தாடைப் பரு: உங்களுக்கு எந்த மருந்து கேட்டது?

சேலத்துக்காரி:

பதினாறு வயதில் எனக்குப் பரு வந்ததே இல்லை. தோழிகள் எல்லாம் துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துக்கொண்டு நடந்தபோது நான் ஜம்மென்று திரிந்தேன். அதை வட்டியும் முதலுமாக முப்பத்தொன்றில் வசூல் செய்துவிட்டார்கள். நெற்றியில் இல்லை, மூக்கில் இல்லை. காதுக்குக் கீழே தொடங்கி, தாடை எலும்பை ஒட்டியே மோவாய் வரை, கழுத்திலும் நாலைந்து. வெள்ளை முனை தெரிகிற பரு அல்ல. உள்ளே கோலிக்குண்டு மாதிரி உருண்டு நிற்கும், தொட்டால் பல்வலி போலத் தெறிக்கும். ஒருக்களித்துப் படுக்க முடியாது. ஒன்று அமுங்க மூன்று வாரம், அது விட்டுப்போன கறுப்பு மங்க ஆறு மாதம். அதற்குள் பக்கத்தில் அடுத்தது.

கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். பந்தியில் எதிரே உட்கார்ந்த சித்தி, இலையில் பாயசம் விழுவதற்குள், "என்னம்மா, முகம் இப்படி ஆயிடுச்சு? சூட்டு உடம்பு, சனிக்கிழமை எண்ணெய் வை" என்றார். மாமியார் பாவம், நல்ல மனசோடு வேப்பங்கொழுந்தும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துக் கொடுத்தார். முகம் எரிந்ததுதான் மிச்சம்.

அப்புறம் நான் செய்த பெரிய தப்பு. தெருமுனை மெடிக்கலில் "முகத்துக்கு நல்ல க்ரீம்" என்று கேட்டு வாங்கினேன். மூன்றே நாளில் பரு அமுங்கி, முகம் பளபளவென்று ஆனது. அடடா, இதற்கா இரண்டு வருஷம் அழுதோம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் தடவினேன். வெயிலில் போனால் முகம் குங்குமமாகச் சிவந்தது, கன்னத்தில் பூனைமுடி வளர்ந்தது, தடவாத அன்று பரு கொத்தாகக் கிளம்பியது. டியூபில் எழுதியிருந்ததைப் பிற்பாடுதான் படித்தேன்: மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின். மங்குக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய கலவை. இதில் மொமெட்டசோன் ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியை இறுக்கியிருக்கிறார்கள். என்னிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை.

பிறகு டாக்டர்கள். முதலாமவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் கிளிண்டாமைசின் ஜெல்லும் கொடுத்தார், இரண்டும் ஆன்டிபயாடிக். சாப்பிடும் வரை சரி, நிறுத்திய ஆறாவது வாரம் பழைய கதை. இரண்டாவது இடத்தில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே "பேக்கேஜ்" பேசினார்கள், முகத்தில் அமிலம் பூசித் தோலை உரிக்கிற பீல், ஆறு எடுத்தால் ஒன்று இலவசமாம். மூன்றாமவர், "டென்ஷனைக் குறைங்க" என்றார்.

நாலாவதாகத்தான் அரசு மருத்துவமனை தோல் ஓ.பி.க்குப் போனேன். காலை ஏழரைக்கே வரிசை. பார்த்தது சின்ன வயசு டாக்டர், பருவைப் பற்றி முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. "பீரியட்ஸ் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருது? மோவாய் முடி எடுக்கிறீங்களா? வகிடு அகலமாகுதா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழந்தை பிறந்த பிறகு ஏறிய பத்து கிலோ இறங்கவே இல்லை, நாற்பத்தைந்து ஐம்பது நாளுக்கு ஒருமுறைதான் விலக்கு, பார்லரில் மாதம் தவறாமல் மோவாயில் நூல் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றையும் ஒரே கதையாக நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. மூன்று டாக்டர்கள் கேட்கவும் இல்லை.

விலக்கான மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தார்கள்: டெஸ்டோஸ்டிரோன், டி.ஹெச்.இ.ஏ.எஸ். என்ற ஆண் ஹார்மோன்கள், பால் சுரப்புக்கான புரோலாக்டின், தைராய்டு, கூடவே சர்க்கரை. அப்புறம் வயிற்று ஸ்கேன். முறையற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதிக்கான அறிகுறி, ஸ்கேனில் கருப்பையின் பக்கத்துச் சினைப்பைகளில் நிறையச் சிறு முட்டைப்பைகள். இந்த மூன்றில் இரண்டு இருந்து, வேறு காரணம் இல்லையென்றால் பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பை சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறு, என்று சொல்லலாமாம். எனக்கு மூன்றுமே இருந்தன. ஆனால் ஒன்று கவனியுங்கள்: ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிற பெண்களுக்கும் இதே தாடைப் பரு வரும். ரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கும், எண்ணெய்ச் சுரப்பிதான் அந்த ஹார்மோனுக்கு அதிகமாகத் துள்ளுகிறது. "ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

எனக்கு எழுதியது ஸ்பைரோனோலாக்டோன். இது பி.பி.க்கும் உடம்பில் நீர் கட்டுவதற்கும் கொடுக்கிற பழைய மாத்திரை. ஆண் ஹார்மோன் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. 50 மில்லிகிராமில் தொடங்கி, ஆறு வாரம் கழித்து 100. முகத்தில் பூச இரவில் அடாபலீன், காலையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு. இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் கூடவே கூடாது, ஆண் சிசுவாக இருந்தால் பாதிக்கும். எனக்கு காப்பர் டி இருந்ததால் அந்தக் கவலை இல்லை.

முதல் மாதம் கொடுமை. முகம் உரிந்தது, பரு இன்னும் கூடியது, நாளுக்கு ஏழெட்டு முறை பாத்ரூம், ஒரே மாதத்தில் இரண்டு முறை விலக்கு. விட்டுவிடலாம் என்று போய் நின்றேன். அந்த டாக்டர் சொன்னது: பிரிட்டனில் 410 பெண்களிடம் இதைச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள், பன்னிரண்டாவது வாரத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான், இருபத்து நாலாவது வாரத்தில்தான் நன்றாகத் தெரிந்தது. "தீபாவளிக்கு வந்து என்னைத் திட்டுங்க" என்றார். அப்போது ஜூன். தீபாவளிக்குப் போனேன், திட்டவில்லை. உருண்டைகள் நின்றுவிட்டன. விலக்குக்கு முன் ஒன்றிரண்டு சின்னது வரும், போகும்.

உங்கள் கதையைச் சொல்லுங்கள். எது கேட்டது, எது கேட்கவில்லை?

நாகர்கோவில் அக்கா:

எனக்கு 36. எத்தினைல் எஸ்ட்ராடையோல் என்ற ஈஸ்ட்ரோஜனும், ஆண் ஹார்மோனைத் தடுக்கிற சைப்ரோடெரோனும் சேர்ந்த கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் மாதத்திலேயே முகம் கண்ணாடி. ஆனால் எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, வலி வருவதற்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து வெளிச்சம் ஓடும். இதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வேறு ஒரு டாக்டர் கேட்டுவிட்டு அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். அந்த வகைத் தலைவலி இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியவர்கள், முப்பத்தைந்தைத் தாண்டியும் புகைப்பவர்கள், இவர்களுக்கும் ஆகாது. பரு போனது உண்மைதான். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

எட்டு மாசக்காரி:

கடும் பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். என் எடை 60 கிலோ. கிலோவுக்கு 120 மில்லிகிராம் என்று மொத்தம் 7,200 கணக்குப் போட்டு, தினம் 30 வீதம் எட்டு மாதம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும் என்றார்கள், ஆகவே மனசாட்சி உறுத்தாமல் நெய் தோசை. உதடு மார்கழிப் பனியில் வெடித்த மாதிரி எட்டு மாதமும் வெடித்தே கிடந்தது. மாதா மாதம் கர்ப்பப் பரிசோதனை, இடையிடையே கல்லீரல், கொழுப்பு. கருவுக்குக் கடும் ஊனம் உண்டாக்கும் மருந்து இது, நிறுத்திய பிறகும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதுவரை ரத்ததானமும் கூடாது.

முகம் சுத்தமானது. பதினான்கு மாதம் கழித்துத் தாடையில் மட்டும் திரும்பி வந்தது. அப்போதுதான் "பீரியட்ஸ் எப்படி?" என்று கேட்டார்கள்! சேலத்துக்காரியைப் படித்துச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

துபாய் தம்பி:

அக்காமார் பேச்சில் நடுவே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு 29, ஜிம் போகிறேன். முதுகு, தோள், தாடை எல்லாம் உருண்டை. டாக்டர் முதலில் கேட்டது, என்ன பவுடர் சாப்பிடுகிறாய், ஊசி ஏதாவது போடுகிறாயா என்று. பாலிலிருந்து எடுக்கிற வே புரோட்டீன் பவுடர் மட்டும்தான், தசை வளர்க்கிற ஊசி எல்லாம் இல்லை என்றேன். சோர்வுக்காக பி12 ஊசி போட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் சொன்னேன். அதுவும் பருவைக் கிளப்புமாம். இரண்டையும் நிறுத்தினேன், பாதி குறைந்தது, மீதிக்கு மருந்து. ஸ்பைரோனோலாக்டோன் எனக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். "மார்பு வளரும், பரவாயில்லையா?" என்றார். பேசாமல் வந்துவிட்டேன்.

ஏழாம் மாதம்:

கர்ப்பம் என்று தெரிந்ததும் மாத்திரை, அடாபலீன் எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். முகத்தில் பூசுகிற அசெலாயிக் அமிலம் மட்டும் போடுகிறேன். முதல் இரண்டு வாரம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பழகிவிடும். பருவுக்குச் சுமார், கறுப்புக்கு நன்றாகவே கேட்கிறது.

பால் விட்டவள்:

நீங்கள் எல்லோரும் மாத்திரைக் கட்சி. நான் பாலும் இனிப்பும் விட்டேன், வெள்ளைச் சோற்றைப் பாதியாக்கினேன், நாலு மாதத்தில் குறைந்தது. ஏன் யாரும் இதைச் சொல்வதில்லை?

சேலத்துக்காரி:

பால் விட்டவளே, உங்களுக்குக் குறைந்ததில் சந்தோஷம். சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகிற சாப்பாட்டைக் குறைத்தால் பலருக்குப் பலன் உண்டு, எனக்கும் சொன்னார்கள், நடக்கவும் சொன்னார்கள். நடந்தேன், ஆறு கிலோ இறங்கியது, விலக்கு முப்பத்தைந்து நாளுக்கு வந்தது. ஆனால் கோலிக்குண்டு அளவுக்கு வந்துகொண்டிருந்தவளிடம் "பாலை விடு" என்று மட்டும் சொன்னால், குழி விழுந்த பிறகுதான் மருந்துக்கு வருவாள். என் இடது தாடையில் அப்படி நாலு குழி இருக்கிறது. பரு முழுக்க அடங்கிய பிறகு ஊசி வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், கறுப்புக்குத் தினமும் சன்ஸ்கிரீன்.

தனியாக ஒருவர் கேட்டார், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையோடு இளநீர் குடிக்கலாமா என்று. நல்ல கேள்வி. மாத்திரை பொட்டாசியத்தைத் தேக்கும், இளநீரில் பொட்டாசியம் நிறைய. எனக்குச் சிறுநீரகக் கோளாறு இல்லை, பி.பி. மாத்திரையும் இல்லை, ரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு எப்போதாவது ஒன்று குடிக்கலாம் என்றார்கள். உங்களுக்கு அந்த இரண்டில் எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, பென்சாயில் பெராக்சைடு போட்டால் வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாமியாரின் கருநீலத் துண்டில் என் தாடை அச்சு அப்படியே வெளுத்துப் பதிந்திருக்கிறது.