சீனி உருண்டைக்குக் காபி ஆகாதா?

டிகாக்ஷன்தாசன்: நேற்று ஒரு மகானுபாவர் அருளியிருந்தார்: "ஹோமியோபதி வெறும் சீனி உருண்டைன்னே வைச்சுக்குவோம். நம்புறவங்க நம்பட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?" எங்க வீட்டில் நஷ்டம் இருக்கு சார். மூட்டுவலிக்கு உருண்டை ஆரம்பிச்சதிலிருந்து அம்மாவுக்குக் காபி கூடாதாம், மருந்து முறிஞ்சிடுமாம். காலையில் டிகாக்ஷன் இறக்கி எங்களுக்கெல்லாம் ஆத்திக் கொடுத்துட்டு, தான் வெந்நீர் டம்ளரோடு உட்கார்றாங்க.

பொதிகைச்சாரல்: அந்த மகானுபாவர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். காபியை விட்டால் உடம்புக்கு நல்லதுதானே? வலி குறைஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க.

டிகாக்ஷன்தாசன்: மழைக்காலம் முடிஞ்சா அந்த வலி எந்த வருஷமும் குறையும். நான் கேட்டது வேற. புட்டியில் 30-ன்னு போட்டிருக்கு. ஒன்றுக்கு நூறு வீதம் 30 தடவை கரைச்சது. மொத்தத்தில் 1 போட்டு 60 சுழியம் மடங்கு நீர்த்தது. 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளில் ஒரு மூலக்கூறு மிஞ்சினால் அதிர்ஷ்டம். இல்லாத மருந்தைக் காபி எப்படி முறிக்கும்?

பொதிகைச்சாரல்: ஹோமியோபதியை உண்டாக்கின ஹானிமன் 1803-லேயே காபியைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கார். படிச்சிட்டு வாங்க.

டிகாக்ஷன்தாசன்: படிச்சாச்சு. அதில் நாள்பட்ட நோய்களுக்கெல்லாம் காபி மேல் பழி போட்டார். 1828-ல் காபியைப் போகட்டும்னு விட்டுட்டுப் பழியை உடம்புக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற சொறி தோஷம்னு அவர் சொன்ன 'சோரா'வுக்கு மாத்தினார். அவரே மன்னிச்சிட்டார், நீங்க மன்னிக்க மாட்டீங்களா? காபிக்கொட்டையிலிருந்தே 'காஃபியா'ன்னு ஒரு மருந்து, தூக்கம் வராதவங்களுக்கு. அதையும் காபி முறிக்குமா?

குமரிக்கடல்: என் சித்தப்பா உருண்டையை நம்பிச் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தினார். காலில் புண் வந்து இரண்டு விரலை எடுத்தாங்க. இங்கே காபிக்கு ஒப்பாரி.

பொதிகைச்சாரல்: நிறுத்தச் சொன்னது யார்? அது தனி விஷயம். ஆயுஷ் அமைச்சகமே 2020-ல் ஆர்சனிகம் ஆல்பம் 30-ங்கிற ஹோமியோபதி மருந்தைக் கொரோனாத் தடுப்புக்குச் சொன்னது. அவங்களை விட இவர் பெரிய விஞ்ஞானி!

டிகாக்ஷன்தாசன்: அமைச்சகம் காபி பற்றி என்ன சொன்னது?

கும்பகோணத்தான்: நடுவில் ஒரு சந்தேகம். அம்மா போடுறது சிக்கரி கலந்த தூளா?

டிகாக்ஷன்தாசன்: எங்க வீட்டில் சிக்கரியா? பீபெரிக் கொட்டையும் பிளான்டேஷன் ஏ கொட்டையும் சரிபாதி.

கும்பகோணத்தான்: அப்போ டிகாக்ஷன் கெட்டியாவே இறங்காது. அது காபியே இல்லை, அம்மா தாராளமா குடிக்கலாம்.

பொதிகைச்சாரல்: சிரிங்க. இவர் நிலவேம்புக் கஷாயத்தைப் பற்றி வம்பிழுத்தப்போ ஒன்பது சரக்குக்குப் பேர் கேட்டேன், ஏழோட ஓடினவர். பற்படாகம் தெரியாதவர் ஹானிமனை அளக்கிறார்.

டிகாக்ஷன்தாசன்: பற்படாகம், பேய்ப்புடல் ரெண்டும்தான் விட்டது. இப்போ ஒன்பது ஆச்சு. அந்தக் கஷாயத்தில் சரக்காவது இருக்கு. உங்க உருண்டையில் காபி முறிக்கிறதுக்கு என்ன இருக்கு?

குமரிக்கடல்: யாராவது என் சித்தப்பாவைப் பற்றிப் பேசுவீங்களா?

டிகாக்ஷன்தாசன்: வர்றேன் அண்ணாச்சி, இவர் முதல்ல பதில் சொல்லட்டும். கற்பூரமும் ஆகாதுன்னு புட்டியைப் பூஜை அலமாரியிலிருந்து கோதுமை டப்பாவுக்குள் மாத்தியாச்சு. இன்னிக்குக் காலையில் பார்க்கிறேன், கழுவப் போட்ட என் டபராவில் ஒட்டியிருந்த நுரையை அம்மா விரலால் வழிச்சு நாக்கில் வைச்சுக்கிறாங்க. யாரும் பார்க்கலைன்னு நினைப்பு.

பொதிகைச்சாரல்: அதானே பார்த்தேன். அப்புறம் மருந்து எப்படிக் கேட்கும்?