கட்டைவிரலை எடுத்ததும் எஞ்சின் அணைகிறது: த்ராட்டில் சேஃப்டி சுவிட்சைக் கழட்டிவிட்டு ஓடலாமா?

பனித்தடம்:
அண்ணாமார், ஒரு உதவி. ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்ப் (கார்ப்யூரேட்டர்), கேபிள் த்ராட்டில் உள்ள பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனி வண்டி). கராஜுக்குள் ஒழுங்காக ஸ்டார்ட் வருது, ஐடிலிலும் நிக்குது. வெளியில் -8 டிகிரியில், தூள் ஸ்னோவுக்குள் அரை மணித்தியாலம் ஓடினால் பிரச்சினை தொடங்குது. த்ராட்டில் லீவரில் இருந்து கட்டைவிரலை எடுத்த உடனே எஞ்சின் அணையுது. இடைக்கிடை ஹேண்டிலை இடப்பக்கம் முழுசாகத் திருப்பினாலும் அணையுது. பிளக் ரெண்டும் புதுசு. சீசன் தொடக்கத்தில் ஐடில் குறைவாக இருந்தது, ஐடில் ஸ்க்ரூவை ஒரு சுற்று உள்ளே விட்டேன், வேறொன்றும் தொடவில்லை. "சேஃப்டி சுவிட்ச் போயிட்டுது, கனெக்டரைக் கழட்டிப்போட்டு ஓடு" என்கிறார்கள். செய்யலாமா? வாற கிழமை ஒன்டாரியோவில் ஹாலிபர்ட்டன் பக்கம் ட்ரெயிலுக்குப் போக வேணும்.

ஸ்பானர்17:
கழட்டிட்டு ஓட்டாதீங்க. நீங்க சொல்ற மூணையும் சேர்த்துப் பார்த்தா சுவிட்ச் கெட்ட மாதிரி தெரியல, வேலை செய்யற மாதிரிதான் தெரியுது.

அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துக்குங்க. கார்ப்புக்குள்ள காத்து வழியைத் திறந்து மூடற ஸ்லைடு மேல இருக்கிற ஸ்பிரிங் எப்பவும் கேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும். அந்த இழுவை லீவர் பிளாக்குக்குள்ள இருக்கிற சின்ன சுவிட்சை அழுத்தி வைக்கும். ஸ்லைடு மேலயே மாட்டிக்கிட்டாலோ, கேபிள் உறைஞ்சுட்டாலோ, நீங்க விரலை எடுத்தாலும் கேபிள் திரும்பாது. லீவர் பக்கம் தொளதொளன்னு ஆகும், சுவிட்ச் விடுபடும், இக்னிஷன் நின்னுடும். போலாரிஸ் கம்பெனிக்காரங்க இதை இ.டி.சி.ன்னு (எலக்ட்ரானிக் த்ராட்டில் கன்ட்ரோல்) சொல்வாங்க. யமஹாவோட டி.ஓ.ஆர்.எஸ். (த்ராட்டில் ஓவர்ரைடு சிஸ்டம்) கொஞ்சம் வேற மாதிரி: லீவர்ல ஒண்ணு, கார்ப்ல ஒண்ணுன்னு ரெண்டு சுவிட்ச் சொல்றதை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகலைன்னா கிளட்ச் பிடிச்சு வண்டி நகர ஆரம்பிக்கிற சுழற்சி வேகத்துக்குக் கீழேயே எஞ்சினை அடக்கி வெச்சிடும். ரெண்டுக்கும் நோக்கம் ஒண்ணுதான், நீங்க விட்டும் வண்டி ஓடக்கூடாது.

இப்ப உங்க ஐடில் ஸ்க்ரூ. அதை உள்ள விட்டா ஸ்லைடு முன்னைவிட உயரத்துல உட்காரும். கேபிள் நீளம் அதேதானே? அந்த அளவுக்கு லீவர் பக்கம் தொய்வு கூடிடும். அதுவே சுவிட்ச் விடுபடற எல்லைக்கு வந்தாச்சு. அதுக்கு மேல ஸ்லைடு துளி தாமதமா இறங்கினாலும் எஞ்சின் போயிடும். ஐடிலைத் தொட்டா கேபிளையும் சரிசெய்யணும், நிறைய பேர் விடறது இங்கதான்.

செய்ய வேண்டிய வரிசை: எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துட்டு ஏர்பாக்ஸைக் கழட்டுங்க. லீவரை மெதுவா அழுத்தும்போது ரெண்டு ஸ்லைடும் ஒரே நேரத்துல கிளம்புதான்னு சின்னக் கண்ணாடி வெச்சுப் பாருங்க. விட்டா "டக்"குன்னு சத்தத்தோட விழணும். இழுபட்டு இறங்கினா கேபிளோ ஸ்லைடோ அழுக்கு. முதல்ல ஐடிலை மேனுவல் அளவுக்குக் கொண்டுவந்துட்டு, அப்புறம் கார்ப் மேல இருக்கிற அட்ஜஸ்டர்ல தொய்வை எடுங்க. ஒரு கார்ப்ல அரைச் சுற்றுன்னா இன்னொண்ணுலயும் அரைச் சுற்று. லீவருக்கும் பிளாக்குக்கும் நடுவுல சில மாடல்களுக்கு 0.25 முதல் 0.75 மி.மீ.தான் இடைவெளி. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடுகள்) இல்லாம கண்ணால இது பிடிபடாது. உங்க வண்டிக்கு எவ்வளவோ, மேனுவல்ல பாருங்க.

ரொம்ப இறுக்கிடவும் கூடாது. அப்ப ஸ்லைடு ஸ்க்ரூ மேல உட்காராம கேபிள்லயே தொங்கும், ஹேண்டிலைத் திருப்பினா ரேஸ் ஆகும். கடைசியா ஐடில்ல வெச்சு ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. எஞ்சின் வேகம் ஏறினா கேபிள் பாதையில தப்பு. அணைஞ்சா ஒயர்ல தப்பு.

ஏரிக்கரை:
மேலே தம்பி சொன்னது சரி. நான் மின்சாரப் பக்கத்தைச் சொல்லுறன், ஏனெண்டால் "இடப்பக்கம் திருப்பினால் அணையுது" எண்டது வேறொரு கதை.

பழைய மேக்னெட்டோ சிடிஐ இக்னிஷன் வண்டிகள் கனக்கவற்றில், எஞ்சினை நிப்பாட்டுற கில் ஒயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் தொட்டாலே ஸ்பார்க் நிண்டுவிடும். சிவப்பு கில் பொத்தான், டெதர் கயிறு (ஓட்டுறவர் விழுந்தால் இழுபட்டு எஞ்சினை நிப்பாட்டுறது), த்ராட்டில் சுவிட்ச் எல்லாம் அந்த ஒரே ஒயரில்தான் வந்து சேரும். ஹேண்டில் கம்பத்தில் உராய்ஞ்சு உறை தேய்ஞ்சால், திருப்பும்போது செம்பு இரும்பில் முட்டும். சுவிட்ச் போன மாதிரியே இருக்கும். ரைசர் போட்டு ஹேண்டிலை உயர்த்தின வண்டிகளில் ஒயர் இழுபடுறதால் இது இன்னும் கூட. ஹேண்டில் பேடைத் திறந்து, டை போட்ட இடங்களில் உறையை விரலால் தடவிப் பாருங்கோ.

சுவிட்சை மல்டிமீட்டரால் பார்க்கிறது லேசு. கனெக்டரைக் கழட்டி, ஒயரிங் படத்தைப் பார்த்து சரியான ரெண்டு ஊசியைப் பிடியுங்கோ. கட்டைவிரல் ஹீட்டர் ஒயரும் அதே கட்டுக்குள் போகும். அதைப் பிடிச்சால் சில ஓம் காட்டும், நீங்கள் சுவிட்ச் பழுது எண்டு நினைப்பியள். லீவர் நிலை மாறும்போது சுவிட்ச் ஒண்டில் தொடர்பு, ஒண்டில் முறிவு எண்டு துப்புரவாகக் காட்ட வேணும். தொய்வில் மூடுற வகையும் இருக்கு, திறக்கிற வகையும் இருக்கு. நடுவில் எண் ஆடினால் உள்ளே பச்சை பிடிச்சிருக்கு.

சூட்டில் நல்லாயிருந்து குளிரில் மட்டும் தவறினால், பிளாக்கைக் கழட்டி பையில் போட்டு ஒரு மணித்தியாலம் வீட்டு ஃப்ரீசரில் வையுங்கோ. எடுத்த உடனே அளவுங்கோ. ஹீட்டர் சூட்டில் ஸ்னோ உருகி உள்ளே போய் உறையிறது இதில் பிடிபடும்.

கனெக்டரைக் கழட்டி ஓடுறதைப் பற்றி: பல வண்டிகளில் அதைக் கழட்டினால் சிவப்புப் பொத்தானும் சேர்ந்து செத்துப்போகும். த்ராட்டில் மாட்டின நேரத்தில் நிப்பாட்ட சாவி மட்டும்தான் மிச்சம், அந்த நேரம் சாவியைத் தேடுற கை ஒருத்தருக்கும் இல்லை.

பனித்தடம்:
பார்த்தேன். இடைவெளி 2 மி.மீ. இருந்தது! ஐடிலைக் குறைத்து அட்ஜஸ்டரில் 0.5க்குக் கொண்டுவந்தேன். ஒயர் உறை ஓர் இடத்தில் தேய்ந்திருக்கு, செம்பு தெரியுது. கேபிளைப் பிளாக் பக்கம் கழட்டினால், குண்டு முனைக்குப் பக்கத்தில் ரெண்டு இழை அறுந்து நிக்குது. இப்போதைக்கு ஓடுமா?

ஸ்பானர்17:
ஓடாது. அறுந்த இழை கேபிள் கேசிங் (வெளி உறை) வாயில மாட்டினா த்ராட்டில் திறந்தபடியே நிக்கும். கேபிளை மாத்துங்க. புதுசுக்குக் குளிர்ல கெட்டியாகாத கேபிள் லூப்ரிகன்ட் மட்டும் விடுங்க, சாதாரண கிரீஸ் -20ல மெழுகு மாதிரி ஆயிடும். ஒயருக்கு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்கற உறை) போட்டு, கம்பத்துல உராயாத பக்கமா திருப்பிக் கட்டுங்க. கனெக்டர்ல ஈரம் புகாம டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். புதுக் கேபிளுக்கு இடைவெளியை மறுபடி முதல்ல இருந்து வைக்கணும்.

வெள்ளைக்காடு:
ஓட்டும்போது கவனிக்க வேண்டியதையும் சேர்த்துவிடுகிறேன்.

கார்ப் உறைவது -30 குளிரில்தான் என்று நினைக்க வேண்டாம். பூஜ்யத்தை ஒட்டிய ஈரக் காற்றும் தூள் ஸ்னோவும்தான் மோசம். அதைவிட மோசம் சாப்பாட்டு நிறுத்தம்: எஞ்சின் சூட்டில் கேபிள் மேல் உள்ள ஸ்னோ உருகி கேசிங்குக்குள் இறங்கும், இருபது நிமிடத்தில் அது ஐஸ். ஆகவே ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னும், காலையில் மட்டுமல்ல, லீவரை மூன்று தடவை அழுத்தி விடுங்கள். லீவருக்கும் பிளாக்குக்கும் நடுவே அரிசி அளவு ஐஸ் இருந்தாலும் விரலால் தட்டி எடுங்கள். திரும்பாத லீவரோடு ஸ்டார்ட் கயிறை இழுத்தால், எஞ்சின் பிடித்த நொடியே கிளட்ச்சும் பிடிக்கும். முன்னால் ஆளோ மரமோ இருக்கக்கூடாது.

டெதர் கயிறை ஜாக்கெட் ஜிப்பில் மாட்டாதீர்கள், கழன்றுவிடும். உறுதியான டி வளையத்தில் மாட்டுங்கள். புறப்படும் முன் ஐடிலில் கில் பொத்தானை ஒரு தடவை அழுத்தி, டெதரை ஒரு தடவை இழுத்து எஞ்சின் அணைகிறதா பாருங்கள். கையுறையோடு செய்து பார்க்க வேண்டும், வெறும் விரலுக்கு எட்டுவது தடித்த கையுறைக்கு எட்டாது.

த்ராட்டில் மாட்டினால் முதலில் கில், பிறகுதான் பிரேக். எஞ்சின் முழு வேகத்தில் தள்ளும்போது பிரேக்கை நம்பினால் பெல்ட்டும் பிரேக்கும் சூடேறும், வண்டி நிற்பது நிச்சயமில்லை.

உங்கள் சுவிட்ச் நடு ட்ரெயிலில் எஞ்சினை அணைத்தால் வண்டி சட்டென்று வேகம் இழக்கும். பின்னால் வருபவர் இதை எதிர்பார்க்க மாட்டார், அவரிடம் முதலிலேயே சொல்லி நல்ல இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒன்டாரியோ ட்ரெயிலில் 50 கி.மீ.தான் எல்லை, அதற்குள் இருந்தால் இது சமாளிக்கக்கூடியது. அணைந்தால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வலது ஓரத்துக்கு உருட்டுங்கள், வளைவிலோ மேட்டு உச்சியின் மறுபக்கமோ நிற்க வேண்டாம்.

ஃபீலர் கேஜையும் உதிரி பெல்ட்டையும் பையில் போடுங்கள். புதுக் கேபிள் முதல் நாள் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும், மாலையில் இடைவெளியை மறுபடி அளக்க வேண்டிவரும்.