1989 காண்டெஸா: டேஷ்போர்டிலும் டோர் பேடிலும் ரெக்சின் வெடிப்பு, நிரப்பிய இடம் மறுபடியும் பிளக்கிறது

உறையூர் காண்டெஸா (கேள்வி)

வணக்கம். என் அப்பா 1989-இல் புதிதாக வாங்கிய காண்டெஸா கிளாசிக் கார் இன்றும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. எஞ்சினிலும் பாடியிலும் சொல்லும்படியான குறை இல்லை. உள்ளே இருக்கும் ரெக்சின் வேலைதான் கண்முன்னே அழிந்துகொண்டிருக்கிறது.

டேஷ்போர்டின் மேற்பரப்பில், முன்கண்ணாடிக்கு அடியில் காற்று வரும் துவாரங்களின் மூலைகளிலிருந்து மூன்று வெடிப்புகள் கிளம்பியிருக்கின்றன. நீளமானது 22 செ.மீ. இருக்கும். அதன் இரு ஓரங்களும் காய்ந்த பனையோலை போல மேல்நோக்கிச் சுருண்டு நிற்கின்றன. முன்கதவுகள் இரண்டின் டோர் பேடுகளிலும் (கதவின் உட்பக்கத்தை மூடும், ரெக்சின் போர்த்திய அட்டை) அடிவிளிம்பை ஒட்டி ரெக்சின் பிளந்து, உள்ளிருக்கும் அட்டை தெரிகிறது.

இதுவரை செய்தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் நானே உடனடிப் பசை போட்டு ஓரங்களைச் சேர்த்து ஒட்டினேன். ஒரு மாதத்தில், ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு கோடு பிளந்தது. பிறகு ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் பாடியின் பள்ளங்களை நிரப்பப் போடும் பட்டியை (putty) வெடிப்பில் நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். மார்கழியில் பார்க்க அழகாக இருந்தது. சித்திரை வெயிலில் பட்டியின் இரண்டு பக்கமும் பிளந்து, நடுவில் அது மட்டும் தனியாக ஒரு குச்சி போல நிற்கிறது.

அப்பா கைவைத்து ஓட்டிய டேஷ்போர்டு என்பதால், முடிந்தவரை அதையே காப்பாற்ற விரும்புகிறேன். எதை நிரப்பினால் நிற்கும்?

குஷன் கடை, கோவை

தம்பி, எதை நிரப்புவது என்பதற்கு முன்னால் நான்கு விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். வெடிப்பின் ஓரத்தை விரலால் மெதுவாக அழுத்தினால் ஸ்பாஞ்சு எழும்புகிறதா, பொடியாக உதிர்கிறதா? முன்கண்ணாடியின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பசை போல ஏதாவது வருகிறதா? டேஷ்போர்டுக்கு இத்தனை வருடங்களாக என்ன பாலிஷ் போட்டு வந்தீர்கள்? டோர் பேடின் அடிப்பக்க அட்டை உப்பியிருக்கிறதா?

டேஷ்போர்டு வெடிப்புக்கும் டோர் பேட் வெடிப்புக்கும் காரணம் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே மருந்தால் சரிசெய்யப் போனால் இரண்டுமே நிற்காது.

உறையூர் காண்டெஸா

ஐயா, இன்று காலை பார்த்தேன். வெடிப்புக்கு அடியில் ஸ்பாஞ்சு மஞ்சள் நிறப் பொடியாக உதிர்கிறது. ஓரத்திலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. உள்ளே போனால் இன்னும் மிருதுவாகவே இருக்கிறது. கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அது எப்போதும் வருவதுதான், தூசி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்து வருடங்களாக, பளபளப்புக்கென்று விற்கும் சிலிக்கான் பாலிஷ்தான் மாதம் ஒருமுறை போடுகிறேன். டோர் பேடின் அட்டை அடியில் உப்பி, நனைந்த பிஸ்கட் போல அடுக்கடுக்காகப் பிரிகிறது.

குஷன் கடை, கோவை

நீங்கள் துடைத்துக்கொண்டிருந்தது தூசி மட்டுமல்ல. அதில் பெரும்பகுதி டேஷ்போர்டின் மென்மை.

ரெக்சினின் மேல்தோல் பிவிசி. வீட்டில் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிறோமே, அதே பிளாஸ்டிக்தான். அது இயல்பில் கடினமானது. அதைத் தோல் போல வளையச் செய்வதற்காக, எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைத் தாராளமாகக் கலக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காரில் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தொடுவது நம் ஊரில் சாதாரணம். அந்தச் சூட்டில் மென்மையூட்டி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. இன்னொரு பங்கு அடியிலுள்ள ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிடுகிறது. அது வெளியேற வெளியேற, தோல் கடினமாவதோடு அளவிலும் சுருங்குகிறது. அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் சுருங்காது. ஆகவே தோல் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் துவாரங்களின் கூர்மூலைகளில் வந்து சேர்கிறது. உங்கள் மூன்று வெடிப்புகளும் மூலைகளில் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

உடனடிப் பசையும் பட்டியும் காய்ந்தபின் கல் போல இறுகுபவை. விடியற்காலையில் 25 டிகிரியிலும் நண்பகலில் 70 டிகிரியிலும் தோல் தினமும் நீண்டு சுருங்க, நடுவில் அசையாத ஒரு பொருள் நின்றால், தோல் அதன் ஓரத்தில்தான் கிழியும். கடைக்காரருடைய கைவேலையில் குறை இருந்திருக்காது. தேர்ந்தெடுத்த பொருள்தான் தவறு.

சிலிக்கான் பாலிஷ் உங்களுக்கு இரண்டு வகையில் கெடுதல். போன மென்மையூட்டியை அது திருப்பித் தராது. மேற்பரப்பில் ஊறிக் கிடப்பதால், இனிமேல் போடப்போகும் பசையையும் பெயின்டையும் பிடிக்கவும் விடாது. ஆகவே முதல் வேலை அதை எடுப்பது. பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் துணியை மாற்றுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: தாமரை இலையில் நிற்பது போல உருண்டு நின்றால் சிலிக்கான் இன்னும் இருக்கிறது; பரவினால் போய்விட்டது. எனக்கு இதற்கு ஐந்து முறை, ஆறு முறைகூட ஆனதுண்டு. அவசரப்பட்டுத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். மிச்சமிருக்கும் மென்மையூட்டியையும் அது உறிஞ்சி எடுத்துவிடும்.

குஷன் கடை, கோவை (தொடர்ச்சி)

இனி வெடிப்பு. பழைய பட்டியை முழுவதும் எடுத்துவிடுங்கள். வெடிப்பு முடியும் நுனியில், 2 மி.மீ. அளவில் ஒரு சிறு வட்டத் துளை போடுங்கள். கூரான நுனி இருக்கும்வரை பிளவு முன்னேறிக்கொண்டே போகும்; வட்டமாகிவிட்டால் இழுப்பு பரவிவிடும். சுருண்ட ஓரங்களுக்கு ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) தூரத்தில் பிடித்து, அசைத்துக்கொண்டே சூடு காட்டி, தோல் இளகியதும் ஈரத்துணியால் அழுத்திப் பிடித்து ஆறவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் காரமான நெடி வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறுகிறது என்று அர்த்தம். கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அழுத்தியும் படியாத ஓரத்தைப் பிளேடால் சாய்வாக வெட்டி எடுங்கள். வெடிப்பின் வாய் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் அமைய வேண்டும். உதிரும் ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மிருதுவான ஸ்பாஞ்சுத் துண்டை ஒட்டி அடைத்துவிடுங்கள். தெளித்தால் உப்பும் நுரையை உபயோகிக்காதீர்கள். அது நாம் சொன்ன அளவோடு நிற்காமல் உப்பித் தோலை மேலே தூக்கிவிடும்.

அடுத்ததைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெடிப்பைவிட இரண்டு பக்கமும் 1 செ.மீ. அகலமான காடாத் துணிப் பட்டை ஒன்றை வெட்டி, தோலுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே நுழைத்து, வளையும் பசையால் இரு ஓரங்களோடும் ஒட்டிவிடுங்கள். பிறகு இழுப்பைத் தாங்குவது அந்தத் துணிதான். மேலே போடும் நிரப்பி, குழியை மூடினால் போதும். நிரப்பி, பிளாஸ்டிக் பம்பர் ஒட்டுவதற்கென்று வரும் வளையும் யூரித்தேன் வகையாக இருக்கட்டும். ஒரே தடவையில் நிரப்பாமல், மெல்லிய அடுக்குகளாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று போடுங்கள். பிறகு 240, 400 எண் எமரித் தாளால் மெதுவாகத் தேயுங்கள். வேகமாகத் தேய்த்தால் சூடேறி ரெக்சின் இளகி உருண்டு வரும்.

ஃபியட் பத்மினி, மதுரை

டோர் பேடுக்கு நான் பதில் சொல்கிறேன்; என் பத்மினியில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். அங்கே ரெக்சினைக் கெடுப்பது பின்னாலிருந்து வரும் தண்ணீர். மழைநீர் கண்ணாடி ரப்பர் வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயற்கை. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியாக அது வெளியேறிவிட வேண்டும். அந்தத் தண்ணீர் அட்டையைத் தொடாமலிருக்கத்தான் கதவுத் தகட்டுக்கும் பேடுக்கும் நடுவே பாலித்தீன் தாள் ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி மெஷினைப் பழுதுபார்க்கப் பேடைக் கழற்றியவர்கள் பலர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள். உங்கள் காரில் அது இருக்கிறதா என்று பாருங்கள்; இருக்காது என்றே நினைக்கிறேன்.

கண்ணாடி சுழற்றும் கைப்பிடியை நெம்பிப் பிடுங்காதீர்கள். அதன் பின்னாலிருக்கும் வட்டத் தகட்டை உள்ளே அழுத்தினால் ஊசியோ கிளிப்போ தெரியும். அதைத் தள்ளினால் கைப்பிடி தானாகக் கையோடு வரும். உப்பிய அட்டையைக் காயவைத்துத் திரும்பப் போடுவதில் பயனில்லை. அதையே அளவாக வைத்து, 3 மி.மீ. ஹார்டுபோர்டில் துளைகளோடு வரைந்து வெட்டி, இரண்டு பக்கமும் விளிம்பிலும் வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். பழைய ரெக்சினை மெதுவாக உரித்து, கிழிந்த அடிவிளிம்புக்குப் பின்னால் துணி ஒட்டி, புதிய அட்டையில் ரப்பர் பசையால் ஒட்டலாம். இருபக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டினால்தான் அது பிடிக்கும். வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, கெட்டியான பாலித்தீன் தாளை பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) சுற்றிலும் ஒட்டியபின் பேடை மாட்டுங்கள்.

டேஷ்போர்டைப் பொறுத்தவரை, கோவை ஐயா சொன்னதிலிருந்து சற்று மாறுபடுகிறேன். 22 செ.மீ. வெடிப்பு என்றால் முழுவதையும் புதிய ரெக்சினால் போர்த்திவிடுவதே நெடுநாள் நிற்கும்.

குஷன் கடை, கோவை

போர்த்துவதைத் தவறு என்று சொல்லமாட்டேன். பிழைப்புக்கு நான் அதிகம் செய்வது அதுதான். ஆனால் காண்டெஸாவின் மீட்டர் மேடைக்கும் மேற்பரப்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ரெக்சினை இழுத்து ஒட்டினால், வெயிலில் பசை இளகி, பள்ளத்திலிருந்து தோல் எழும்பிப் பந்தல் போல நிற்கும். அதைத் தவிர்க்க அந்த இடத்தில் தையல் கொடுத்துத் துண்டாக வெட்டிச் சேர்க்க வேண்டும். அப்போது அப்பா பார்த்த டேஷ்போர்டின் முகமே மாறிவிடும். அவர் கேட்டது பழையதைக் காப்பாற்றும் வழி என்பதால்தான் நிரப்பச் சொன்னேன்.

சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய டேஷ்போர்டு கிடைத்தால் வாங்கலாமா என்ற கேள்வி அடுத்து வரும். காண்டெஸாவின் உற்பத்தி 2002-இல் நின்றுவிட்டது. கிடைப்பதெல்லாம் உங்களுடையதைப் போலவே வெயில் தின்றதாகத்தான் இருக்கும். முழுதாகத் தெரிந்தாலும் அழுத்திப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இங்கே நாம் ரெக்சின் என்று சொல்வது முதலில் ஒரு வணிகப் பெயர். இங்கிலாந்தின் ஹைடு என்ற ஊரில், துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்தார்கள். விடுதலைக்கு முந்தைய கார்களில் அந்தப் பழைய வகை இருக்கலாம் என்பதால், அவற்றில் இந்த முறைகளை அப்படியே கையாள வேண்டாம்.

உறையூர் காண்டெஸா

நிரப்பிய இடம் வழவழப்பாக இருந்து, சுற்றிலும் தோல் வரியோடு இருந்தால் தழும்பு போலத் தெரியாதா? நிறத்தை எப்படிப் பொருத்துவது?

குஷன் கடை, கோவை

கிளவ் பாக்ஸ் மூடிக்கு உட்புறம், வெயில் படாத ரெக்சினில் வரி அப்படியே இருக்கும். அச்சு எடுக்க வரும் சிலிக்கான் ரப்பரை அங்கே பூசி, இறுகியதும் உரித்தால், வரியின் அச்சு கையளவு கிடைக்கும். கடைசி அடுக்கு நிரப்பி பாதி இறுகிய பதத்தில் அதை அழுத்துங்கள். அச்சை டேஷ்போர்டின் மேலேயே எடுக்காதீர்கள். கழுவி எடுத்த சிலிக்கானை மறுபடியும் அங்கே பூசியதாகிவிடும்.

நிறத்துக்கும் அதே மூடியின் உட்புறம்தான் அளவுகோல். பெயின்ட், வினைலுக்கென்று வரும் வளையும் வகையாக, பளபளப்பில்லாததாக இருக்கட்டும். பளபளத்தால் முன்கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்யும். நிழலில், மெல்லிய மூன்று பூச்சு போதும்.

உறையூர் காண்டெஸா (வேலை முடிந்தபின்)

ஆடியில் தொடங்கி ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. தண்ணீர்ச் சொட்டு பரவுவதற்கு ஏழு முறை துடைக்க வேண்டியிருந்தது. முதல் மூன்று துணிகளும் வழுக்கும் அளவுக்குப் பசையோடு வந்தன. மதுரை நண்பர் சொன்னது போலவே இரண்டு கதவிலும் பாலித்தீன் தாள் இல்லை. இடப்பக்கக் கதவில் வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டு, கம்பியை நுழைத்ததும் அரை டம்ளர் அளவுக்குக் கலங்கல் நீர் கொட்டியது.

அதற்குப் பிறகு ஒரு முழுக் கோடையும் கடந்துவிட்டது. டோர் பேடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. டேஷ்போர்டில் நீண்ட வெடிப்பும் நடுவிலுள்ளதும் அசையவில்லை. வரி பொருந்திவிட்டதால், தெரிந்தவர்கள் விரலை வைத்துத் தேடித்தான் கண்டுபிடிக்கிறார்கள். இடக்கோடியிலுள்ள சிறிய வெடிப்பில் மட்டும், நிரப்பிய இடத்தைத் தாண்டி 4 மி.மீ. நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கோடு வந்திருக்கிறது. சிறியதுதானே என்று அந்த ஒன்றில் மட்டும் நான் வட்டத் துளை போடவில்லை.

குஷன் கடை, கோவை

இப்போதே போட்டுவிடுங்கள். கோட்டின் நுனியைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் முனையிலிருந்து 1 மி.மீ. தள்ளித் துளை போடுங்கள். பிளவு கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்று முன்னால்தான் போயிருக்கும். அடியில் துணி வைத்து நிரப்பிவிட்டு, மிச்சமிருக்கும் அதே பெயின்டைத் தொட்டு வையுங்கள். வெயிலில் நிறுத்தும்போது கண்ணாடிக்கு உட்புறம் மறைப்புத் தட்டி வைக்க மறக்காதீர்கள்; தட்டியின் வெள்ளிப்பூச்சு வெளியே பார்க்க வேண்டும்.